சம்மதம் கேட்டு வந்த பெண்

தேவிகுளத்துக்குப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட் ஒன்றில் கொழுந்து எடுப்பவள் முத்துப்பேச்சி. கணவன் செல்லத்துரைக்கு ஃபாக்டரியில் வேலை. ஒரே மகள் சித்ரா பேசியதே இல்லை. கூப்பிட்டால் திரும்பமாட்டாள், தண்ணீர்ச் சத்தம் கேட்டால் மட்டும் எழுந்து போய்விடுவாள். அதற்கு ஆட்டிசம் என்று பெயர் இருப்பது அவளுக்கு ஐந்து வயதானபோதுதான் தெரிந்தது.

எஸ்டேட்டின் குழந்தைகள் காப்பகத்தில் அவளைச் சேர்க்க மறுத்துவிட்டார்கள். அதனால் முத்துப்பேச்சி பழைய சேலையைக் கிழித்து, மகளின் காலைக் கட்டிலோடு கட்டிவிட்டு வேலைக்குப் போவாள். தொழிலாளர் குடியிருப்பான லைன் வீடுகளில் இருந்த பெண்கள் அவள் காதுபடவே ஏசினார்கள்.

சித்ராவின் ஒன்பதாவது வயதில், ஆட்டிசத்தின் காரணங்களை ஆராயும் அறக்கட்டளை ஒன்று தேவிகுளத்தில் முகாம் நடத்தியது. பணம் கொடுக்க முடியாதவர்கள் ஆராய்ச்சிக்குக் குடும்பத்தோடு இரத்தம் கொடுத்தும் உதவலாம் என்றார்கள். மூன்று பேரும் கொடுத்தார்கள்.

அந்த மழைக்காலத்தில் சித்ராவின் கணுக்கால் உராய்ந்து புண்ணானது. ஒரே ஒரு நாள் கட்டாமல், கதவை மட்டும் பூட்டிவிட்டுப் போனாள் முத்துப்பேச்சி. குழந்தை சன்னல் வழியாக இறங்கிப் போயிருக்கிறாள். மத்தியானம் ஓடையிலிருந்து தூக்கி வந்தார்கள். கட்டிப்போட்டதற்கு ஏசியவர்களே, ஏன் கட்டவில்லை என்று கேட்டார்கள்.

எட்டு மாதம் கழித்து அறக்கட்டளையிலிருந்து ஜிஸ்மி என்ற பெண் போன் செய்தாள். அடுத்த பரிசோதனைக்குச் சித்ராவை எப்போது கூட்டி வருவீர்கள் என்று கேட்டாள். சித்ரா இறந்துவிட்டதைச் சொன்னார்கள். மறுவாரம் நேரிலேயே வந்தாள். சித்ராவின் இரத்தத்தை ஆராய்ச்சிக்கு வைத்துக்கொள்வதா, அழித்துவிடுவதா என்பதைப் பெற்றவர்கள்தான் எழுதித் தர வேண்டும் என்றாள்.

"பிள்ளையவே மண்ணுக்குள்ள வச்சாச்சு. இனி என்னத்தப் பாக்கப் போறிய? அழிச்சிருங்க" என்றான் செல்லத்துரை.

முத்துப்பேச்சி மெல்லக் கேட்டாள்: "அவ ரத்தம் இன்னும் அங்கன இருக்காம்மா?"

குளிர்பெட்டியில் பத்திரமாக இருப்பதாக ஜிஸ்மி சொன்னாள்.

"எம்பிள்ளையில மிச்சம் இருக்கது அது ஒண்ணுதான். அத அழிக்கச் சொல்லி எங்கையால எழுதமாட்டேன்."

செல்லத்துரை எழுந்து வெளியே போய்விட்டான். வெகுநேரம் கழித்து வந்து, வைத்துக்கொள்ளும்படி கையெழுத்துப் போட்டான். அதனால் மருந்து ஏதும் கிடைக்குமா என்று முத்துப்பேச்சி கேட்டாள். ஜிஸ்மி மறைக்கவில்லை. பல வருஷம் ஆகலாம், ஒன்றும் கிடைக்காமலும் போகலாம் என்றாள்.

ஆனாலும் அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் முத்துப்பேச்சி ஜிஸ்மியோடு மற்ற எஸ்டேட்டுகளுக்குப் போனாள். ஊசிக்குப் பயந்த தாய்மார்களிடம் பேசிப் பதினோரு குடும்பங்களை முகாமுக்குக் கூட்டி வந்தாள்.

போன மாதம் மூணாறில் அறக்கட்டளைக்கு நிதி திரட்டக் கூட்டம் போட்டார்கள். மகளைப் பற்றி இரண்டு வார்த்தை பேசச் சொல்லி அவளை மேடையேற்றினார்கள். மைக்கைப் பிடித்து, "எம்மக பேரு சித்ரா" என்றாள். அதற்கு மேல் வாய் வரவில்லை. இறங்கிவிட்டாள்.

திரும்பும் ஜீப்பில், ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேனே என்று புலம்பினாள்.

"பேரச் சொன்னேல்லா, போதும்" என்றான் செல்லத்துரை.

அவளுக்குப் போதவில்லை. லைன் வந்து சேரும்வரை அழுதுகொண்டே வந்தாள்.