கீரிக்குக் கயிறு இல்லை

கீரி மூன்றடி உயரம். எடை பதினாறு கிலோ. வில் உண்டு, இருபது அம்பு உண்டு, தோல் சட்டை உண்டு. ஐம்பது அடி கயிற்றை மட்டும் உஷா தாளில் எழுதிவிட்டு அழித்தாள். சிறிய உடம்புக்காரன் இவ்வளவுதான் சுமக்கலாம் என்று அந்த ஆட்டத்தில் விதி இருக்கிறது. கயிற்றையும் சேர்த்தால் கீரியின் நடை தளரும், காலடி ஓசை கேட்கும். ஓசை கேட்டால் ஒளிந்து வேட்டையாடுகிறவனாக இருந்து என்ன பயன்?

"இன்னாடி, ஒரு வாரமா எழுதி எழுதி அழிச்சினுக்கிற? ஆபீஸ் வேலையா?" என்று கேட்டாள் அம்மா சந்திரம்மா.

உஷா ஆமாம் என்று சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான்கு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, இல்லாத காட்டில் இல்லாத பூதத்தோடு சண்டை போடுகிறோம் என்று ஈஜிபுராவின் ஒற்றை அறை வீட்டில் எப்படி விளக்குவது? அது 2003. உஷாவுக்கு இருபத்தைந்து வயது. ஓசூர் சாலையில் ஒரு மென்பொருள் கம்பெனியில், மற்றவர்கள் எழுதியதில் எங்கே ஓட்டை என்று கண்டுபிடிக்கும் டெஸ்டிங் வேலை.

ஆட்டத்தைக் கொண்டுவந்தவன் வேலையில் அவளுக்கு மேலே இருந்த சீனிவாசராகவன். ஆறு மாதம் அமெரிக்காவில் இருந்துவிட்டு, தடித்த விதிப் புத்தகத்தோடும் இருபது முகப் பகடைகளோடும் திரும்பியிருந்தான். ஒவ்வொருவரும் ஓர் ஆளை உருவாக்கி, அவன் உயரம், பலம், திறமை, பையில் இருப்பது எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுத வேண்டும். கதையைச் சீனு சொல்வான். நடப்பதைப் பகடை தீர்மானிக்கும்; ஒன்று விழுந்தால் தோல்வி. அலுவலகத்து நோயலும் சுனிலும் சேர்ந்துகொண்டார்கள். நோயல் ஆறடிக் கோடரிக்காரன் ஒருவனை உருவாக்கினான். சுனில் மந்திரவாதியானான். உஷா, ஆளில் பாதி உயரமே இருக்கும் அரையாள் இனத்தில் ஒரு வேட்டைக்காரனை எடுத்து, கீரி என்று பெயர் வைத்தாள். குள்ளமான உடம்புக்கு ஒளிவதில் நான்கு புள்ளி கூடுதல்.

தெய்வம் என்ற கட்டத்தில் இல்லை என்று எழுதினாள். நான்காம் படி ஏறினால் வேட்டைக்காரனுக்கு மந்திரம் வரும், அதைக் கொடுக்க ஒரு சாமி வேண்டுமே என்றான் சீனு.

"அது வர்றப்ப வரட்டும். அப்பவும் வில்லு போதும்," என்றாள் உஷா.

ஒளிந்துகொள்வதில் அவளுக்கும் பழக்கம் உண்டு. அப்பா எப்படி இறந்தார் என்று அலுவலகத்தில் யார் கேட்டாலும், ஹார்ட் அட்டாக் என்பாள். கேட்டவர்கள் உச்சுக்கொட்டிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள். உண்மையைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும். அந்த வேலையை யார் செய்வார்கள், எந்தச் சாதி செய்யும் என்பது இந்த நாட்டில் படித்தவர்களுக்கும் தெரியும். படித்தவர்களுக்குத்தான் இன்னும் நன்றாகத் தெரியும்.

அப்பா முனிகிருஷ்ணன் 1992இல் ஒரு பாதாளச் சாக்கடைக் குழிக்குள் இறந்தார். ஒப்பந்தக்காரரிடம் கூலி வேலை. ஆள் குட்டை, ஒல்லி. அதனால் குறுகலான குழி என்றால் அவரைத்தான் இறக்குவார்கள். போலீஸ் அறிக்கையின் நகல் கன்னடத்தில் வந்தது. பதினான்கு வயது உஷா அதை அம்மாவுக்குத் தமிழில் படித்துக் காட்டினாள். மேஸ்திரி வேண்டாமென்று சொல்லியும் அவர் தானாகவே இறங்கினார் என்று இருந்தது. கூட நின்ற பழனிச்சாமி என்பவர் சாட்சியாகக் கைநாட்டு வைத்திருந்தார். அந்த ஒரு வரியைக் காட்டியே ஒப்பந்தக்காரர் கையைக் கழுவிக்கொண்டார். மலக்குழிக்குள் எந்த மனிதனும் தானாக இறங்குவதில்லை. பசி இறக்கும், சாதி இறக்கும், மேலே நிற்கிற மேஸ்திரி இறக்குவான். அறிக்கை எழுதுகிறவன் மட்டும், தானாகவே என்று எழுதுவான். பதினோரு வருடமாக அந்த வரியை மாற்ற உஷாவால் முடியவில்லை. முயன்றதும் இல்லை.

மூன்றாவது ஞாயிறு. ஜெயநகரில் சீனுவின் வீடு. கதையில் அவர்கள் ஒரு கோட்டைக்கு வெளியே நின்றார்கள். வாசலில் காவல். சுவரோரம் ஒரு சாக்கடை மூடி. உள்ளே போய் மறுபக்கம் கதவைத் திறக்க ஒருவர் வேண்டும். மூவரும் ஒரே நேரத்தில் உஷாவைப் பார்த்தார்கள்.

"ஒளியறதுல உனக்குப் பன்னெண்டு. உள்ள எது இருந்தாலும் உன்னப் பாக்காது," என்றான் சீனு.

"பாக்க வேணாமே. உள்ள காத்து எப்படி இருக்கு?"

"காத்தா?"

"மூடி எத்தனை நாளா மூடியிருக்கு? விளக்கு இறக்கிப் பாத்தாங்களா?"

"ஏ குரு, டெஸ்டிங் ஆளக் கூப்ட்டா இதே கதை," என்று சீனுவைப் பார்த்துச் சிரித்தான் சுனில். "சாக்கடைலயும் பக் கண்டுபுடிக்கிறா."

சீனு புத்தகத்தைப் புரட்டினான். டிராகனின் மூச்சுக்கு இரண்டு பக்கம் இருந்தது. நெருப்பு மூச்சு, பனி மூச்சு, அமில மூச்சு. சாக்கடைக் காற்றுக்கு ஒரு வரி இல்லை. அந்தப் புத்தகத்தை எழுதியவர்கள் எவரும் அதைச் சுவாசித்ததில்லை போலிருக்கிறது.

நோயலின் ஆளிடம் கயிறு இருந்தது. அதைக் கீரியின் இடுப்பில் கட்டச் சொன்னாள் உஷா. சீனுவுக்குப் பொறுமை போய்விட்டது. காவல்காரன் திரும்பி வருகிறான் என்றான்.

"கயிறு கட்ட நேரமில்ல, உஷா. கீரி சின்ன ஆளு, சட்டுனு இறங்கிடுவான்."

உஷா பென்சிலை மேசைமேல் வைத்தாள்.

"எங்கப்பா ஹார்ட் அட்டாக்ல சாகல. மேன்ஹோல்ல செத்தாரு. அவரும் சின்ன ஆளுதான்."

சுனில் ஒரு பகடையை எடுத்து உள்ளங்கையில் மூடிக்கொண்டான். சீனு கெட்டவன் இல்லை. முகம் வெளுத்து, சாரி என்றான். பிறகு, "ஆனா அது வேற, உஷா. இது கேம்தானே?" என்றான்.

"கீரி இறங்கமாட்டான்," என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து போனாள். தாள் மேசையிலேயே கிடந்தது.

ஆட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆடுகிறவர் எழுந்து போய்விட்டால், அவருடைய ஆளைக் கதை சொல்கிறவரே நடத்துவார். அடுத்த ஞாயிறு உஷாவுக்குப் போன் வரவில்லை. புதன்கிழமை கேன்டீனில் நோயல் தாளைக் கொண்டுவந்து கொடுத்தான்.

"நான் கயிறு புடிக்கிறேன்னு சொன்னேன், உஷா. லேட் ஆச்சுன்னு சீனு டைஸ் போட்டுட்டான். ஒண்ணு விழுந்துச்சு."

சொன்னது ஒருமுறைதானே, தடுத்தாயா என்று அவள் கேட்கவில்லை. தாளின் அடியில் சீனு சிவப்பு மையால் ஆங்கிலத்தில் எழுதியிருந்தான். தானாகவே இறங்கினான். இறந்தான்.

கெட்ட எண்ணத்தோடு எழுதியதல்ல அது. கதையை முடிக்க வேண்டியிருந்தது, கைக்கு வந்த சொல்லை எழுதியிருக்கிறான். மேலே நிற்கிறவர்களின் கைக்கு எப்போதும் அந்தச் சொல்தான் வருகிறது.

வீட்டில் டிரங்குப் பெட்டியைத் திறந்து அறிக்கை நகலை எடுத்துத் தாளுக்குப் பக்கத்தில் வைத்தாள். பழனிச்சாமி இப்போது எங்கே என்று அம்மாவைக் கேட்டாள். அத்திபெலேயில் டீக்கடை போட்டிருக்கிறார், அவரை எதற்கு இப்போது தொல்லை செய்ய வேண்டும் என்று சந்திரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை, ஆட்டம் தொடங்கும் நேரத்தில் உஷா அத்திபெலே பஸ்ஸில் இருந்தாள். கடை பேருந்து நிறுத்தத்துக்கு எதிரிலேயே இருந்தது. தான் யார் என்று சொன்னதும் பழனிச்சாமி டீ வடிகட்டுவதை நிறுத்தினார்.

"கயிறு எங்க இருந்துச்சுண்ணே, அன்னைக்கு?"

அவர் இரண்டு பேருக்கு டீ கொடுத்து அனுப்பினார். கையைத் துடைத்துக்கொண்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

"லாரியில. எடுத்தாரேன்னு நான் போனேன். நேரமில்ல முனி, நீ சின்ன ஆளு, இறங்குடான்னாரு மேஸ்திரி. அவன் வேணாம்னான். நாளையிலிருந்து வேலைக்கு வராதன்னாரு."

"நீங்க கைநாட்டு வச்ச காயிதத்துல அப்படி இல்லியே."

"கன்னடத்துல இருந்துச்சும்மா. அப்ப எனக்கு எந்த எழுத்தும் தெரியாது. யாரும் படிச்சுக் காட்டல." பிறகு கேட்டார், "இப்ப சொன்னா எனக்கு ஏதாச்சும் தொல்லை வருமா?"

தெரியாது என்றாள். பதினோரு வருடம் கழித்து எந்த அதிகாரி இதைக் கையில் வாங்குவார் என்பதும் அவளுக்குத் தெரியாது.

அவர் எழுந்து போய் அடுப்பைத் தணித்துவிட்டு வந்தார். பிறகு எழுதிக்கொள்ளச் சொன்னார். பையில் கீரியின் தாள்தான் இருந்தது. அதன் பின்பக்கத்தில் அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதி, பேனாவை நீட்டினாள். இப்போது பேரை மட்டும் எழுதத் தெரியும் என்றார். ஆனால் பேனாவை வாங்கவில்லை.

"மொதல்ல படிச்சுக் காட்டு."

படித்துக் காட்டினாள். அவர் தாளைப் புரட்டிப் பார்த்தார். வில், அம்பு, எடை, உயரம் எல்லாவற்றையும் தாண்டி அவர் விரல் அடியில் போய் நின்றது.

"செவப்புல இன்னா எழுதியிருக்கு?"

உஷா தமிழில் சொன்னாள்.

"அத அடிம்மா," என்றார் பழனிச்சாமி. "அப்பறம் போடறேன் கையெழுத்து."