பஸ்ஸோட பிரஷர்

தையல்காரர் இப்போதெல்லாம் அவளுக்கு வெள்ளைச் சட்டைகளை மட்டும்தான் கொடுக்கிறார். கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓட்ட அவள் கண் ஒத்துழைப்பதில்லை. இருபத்திரண்டு வருஷமாகப் பட்டன் துளைகளுக்கு ஓரம் கட்டிச் சொந்தப் பெயர் போய், காஜாக்கா ஆனவள்.

"அக்கா, போன வாரம் நீங்க எடுத்த காஜா ஒரு ஊர்ல இருக்கு, பட்டன் ஒரு ஊர்ல இருக்கு."

"ரெண்டுக்கும் நடுவுல பஸ் இல்ல தம்பி."

அவர் சிரித்தார். பிறகு சிரிக்காமல் சொன்னார்: "அடுத்த மாசம் பள்ளிக்கூட ஆர்டர் வருது. அதுக்குள்ள கண்ணைச் சரி பண்ணிக்குங்க. இல்லேன்னா மிஷின் காஜாவுக்குக் குடுத்துடுவேன்."

கண்புரைதான். பெரிய ஆஸ்பத்திரியில் எடுத்துவிடலாம் என்றார்கள். பிரஷர் இறங்கினால்தான் தேதி. செவ்வாய்க்கிழமை மட்டும், பதினொரு மணிக்குள் வரவேண்டும்.

இது மூன்றாவது செவ்வாய். ஏழேமுக்கால் பஸ் ஒன்பதேகாலுக்கு வந்தது. பாதி வழியில், பாலத்தருகே, பெருமூச்சு விட்டு நின்றது. "இதுக்கு மேல போகாது" என்று சொல்லிவிட்டு கண்டக்டரே முதலில் இறங்கினார். அங்கிருந்து நடை. நடையென்ன, பாதி ஓட்டம். மாடியேறி, வரிசையில் கடைசி ஆளாக நர்ஸின் முன்னால் உட்கார்ந்தபோது பதினொன்றுக்கு ஐந்து நிமிஷம் இருந்தது.

நர்ஸ் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தாள்.

"நூத்தியெண்பது. மாத்திரை போடறீங்களா?"

"போடறேன். போன தடவை ஒண்ணை ரெண்டாக்கினீங்க. வீட்டுல எழுந்தா தலை சுத்துது."

"அப்புறம் ஏன் ஏறுது? ஏதாவது கவலையா?"

"இது என் பிரஷர் இல்லம்மா, பஸ்ஸோட பிரஷர். கொஞ்சம் உட்கார்ந்த பிறகு எடுத்துப் பாருங்க."

"டாக்டர் பதினொண்ணேகாலுக்குக் கிளம்பிடுவார்."

அவள் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். மூச்சு அடங்க நேரமாயிற்று. மறுபடி எடுத்தபோது நூற்று முப்பத்தாறு. டாக்டரின் நாற்காலி காலியாக இருந்தது. மேலே மின்விசிறி மட்டும் சுற்றியது.

நர்ஸ் அட்டையில் எண்ணை எழுதினாள். "டாக்டர் இருக்கும்போது இறங்கியிருந்தாத்தான் தேதி. அடுத்த வாரம் வந்ததும் என்கிட்ட வராதீங்க. அரைமணி நேரம் உட்கார்ந்துட்டு வாங்க."

"அரைமணி நேரம் கையில இருந்தா நான் ஏம்மா ஓடி வரப்போறேன்?"

நர்ஸ் பட்டையைச் சுருட்டி வைத்தாள்.

நிறுத்தத்தில் யாருமில்லை. பஸ்ஸின் நம்பர் பலகை அவளுக்குக் கிட்டே வந்தால்தான் தெரியும், கிட்டே வந்தால் பஸ் போய்விடும். அதனால் பெரிதாக எது வந்தாலும் கை நீட்டினாள். ஒன்று கிறீச்சிட்டு நின்றது. தண்ணீர் லாரி.

"கண்ணு தெரியலையா?" என்று கத்தினான் டிரைவர்.

"தெரியலப்பா. அதுக்குத்தான் போயிட்டு வரேன்."

லாரி போய்விட்டது. அடுத்த இரைச்சலுக்கு அவள் கையைத் தூக்கினாள்.