வாரத்துக்கு ஒரு சேவல்

பிள்ளையார் சுழி போட்டு, அதன் கீழே ‘எடிட்டிங் 900’ என்று எழுதி, கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துவிட்டுக் கடைசிச் சைபரை ஒன்றாகத் திருத்துகிறார் வைரக்கண்ணு. 901. அதற்கப்புறம்தான் அடுத்த வரி. எந்தத் தொகையும் சைபரில் முடியக்கூடாது அவருக்கு. மொய் எழுதிப் பழகிய கை.

பெரம்பலூர் கடைவீதியில் என் கற்பூரக் கடைக்கு அடுத்த கடை அவருடையது. கல்யாணப் பாத்திரங்களை வாடகைக்கு விடுகிறார். போன அண்டா திரும்பி வந்ததும் ஒரு தட்டுத் தட்டிக் காதை வைத்துக் கேட்பார். “சத்தம் சரியாருக்கு” என்றால் ஓட்டை இல்லை என்று அர்த்தம். இப்படிப்பட்டவருக்குப் போன வருஷம், எண்பத்தாறில், டிவி சீரியல் எடுக்கும் ஆசை வந்துவிட்டது. டிராக்டரை விற்றுப் பக்கத்துக் குரும்பலூரிலேயே பதின்மூன்று வாரக் கதையையும் எடுத்து முடித்தார். டேப்புகள் அவர் மனைவி தனத்தின் பட்டுப்புடவைப் பெட்டியில், வேப்பிலைக்கு நடுவே இருக்கின்றன.

“எடுத்தாச்சே, இன்னும் என்னங்க செலவு?” என்று கேட்டேன்.

“தேர் தெருவெல்லாம் சுத்திட்டுதுங்க. நிலைக்கு வர வேணாமா? வெட்டணும், ஒட்டணும், பேச்சைச் சேக்கணும், மியூசிக் போடணும். இப்பப் போட்டுப் பாத்தா நம்ம கதாநாயகி மீனு மாதிரி வாயை வாயைத் தெறக்குது.”

இந்தப் பின்வேலைக்கு வாரத்துக்கு இரண்டாயிரம் வீதம், ஆக இருபத்தாறாயிரம் தருவதாக லப்பைக்குடிக்காடு கபூர் பாய் ஒப்புக்கொண்டிருந்தார். பத்து வருஷம் துபாயில் உழைத்த மனிதர். கணக்கு அதற்குமேல் ஒரு ரூபாய் போனாலும் பணம் கிடையாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பணம் இல்லையென்றால் தை மாதத்துக்குள் டேப்பை முடித்துக் கொடுக்க முடியாது. டிவியில் கிடைத்த இடம் வேறு ஆளுக்குப் போய்விடும். டிராக்டரும் போய், சீரியலும் போய், ஊர் வாயில் விழ வேண்டியதுதான்.

எடிட்டிங் 901. டப்பிங் 501. பின்னணி இசை 401. டைட்டில் 101. மழை, மாட்டுவண்டி, சேவல் என்று சத்தங்களுக்கு 101. கூட்டினால் 2005. வாரத்துக்கு ஐந்து ரூபாய் இடித்தது.

“அந்த ஒத்தை ஒத்தை ரூபாயை அடிச்சுட்டா சரியாப் போவுதில்ல?” என்றார் தனம்.

வைரக்கண்ணு இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். “நல்ல காரியத்துல சைபர் போடச் சொல்றியா? வெளங்குமாடி?”

“ஆமா, டிராக்டரை முப்பதாயிரத்துக்கு வித்தீங்க. அதான் இப்படி வெளங்குது.”

“முப்பதாயிரத்து ஒண்ணுக்கு வித்தேன்!”

கடைசியில் அவர் விரல் சேவலில் வந்து நின்றது. கதை ஒவ்வொரு வாரமும் விடியலில் தொடங்குவதால் வாரத்துக்கு ஒரு சேவல், ஐந்து ரூபாய்.

“பதிமூணு வாரமும் அதே சேவல்தானே? ஒரு தரம் காசு கொடுத்தாப் பத்தாதா?” என்றார் தனம்.

“மெட்ராஸ் ஸ்டூடியோக்காரன் கூவக் கூவக் காசு கேக்குறான்.” பேனாவால் சேவலை அடித்தார். “இனிமே சேவலு நாந்தான்.”

தனம் தாளை எட்டிப் பார்த்தார். “இப்ப மொத்தமும் சைபர்ல வந்து நிக்குதே?”

வைரக்கண்ணு தாளைச் சட்டென்று மடித்தார். நெற்றித் திருநீறு வேர்வையில் கரைந்தது.

மூன்று நாள் பனங்கற்கண்டு சாப்பிட்டுத் தொண்டையைப் பழக்கினார். எதிரொலி வேண்டுமென்று அண்டாவுக்குள் தலையை விட்டுக் கூவினார். பாத்திரம் எடுக்க வந்த கல்யாண வீட்டார், “உள்ள ஏதோ உசிரோட கெடக்குதுங்க” என்று வாசலோடு திரும்பிப் போகப் பார்த்தார்கள். நான்தான் சமாதானம் சொல்லி உட்கார வைத்தேன்.

வெள்ளிக்கிழமை என்னையும் துணைக்கு அழைத்துக்கொண்டு லப்பைக்குடிக்காட்டுக்குப் பஸ் ஏறினார். தொழுகை முடிந்து வந்த கபூர் பாய் தாளை வரி வரியாகப் படித்தார்.

“மழைக்குச் சத்தம் இருக்கு. வண்டிக்குச் சத்தம் இருக்கு. வாரா வாரம் வர்ற சேவலுக்கு எங்கங்க? ஊமைச் சேவலுக்கா நான் பணம் போடணும்?”

வைரக்கண்ணு எழுந்தார். துண்டை இடுப்பில் கட்டிக் கழுத்தை நீட்டினார். முருகா, காப்பாற்று என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். கூவினார்.

பிறகு கொல்லையிலிருந்து பாய் வீட்டுச் சேவல் பதில் கூவியது. அதற்குப் பக்கத்து வீட்டுச் சேவல் பதில் சொன்னது. உள்ளேயிருந்து பாயின் மனைவி, “என்னங்க, நம்மூட்டுச் சேவலு கூடத்துக்குள்ள வந்துட்டுதா? வெரட்டுங்க!” என்றார்.

பாய் கண்ணில் நீர் வரச் சிரித்தார். “மாஷா அல்லாஹ்! சேவலே ஏமாந்து போச்சு. சேவல் காசு மிச்சந்தான்.” பீரோவைத் திறந்து நோட்டுக்கட்டை எடுத்து நீட்டினார். “இந்தாங்க. சரியா இருபத்தாறாயிரம்.”

வைரக்கண்ணு கை நீட்டவில்லை. நோட்டுக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு இடுப்பு மடியை அவிழ்த்து, திரும்பிப் போகிற பஸ்ஸுக்கென்று முடிந்து வைத்திருந்த சில்லறையில் ஒரு ரூபாயை எடுத்தார். அதைப் பாய் கையிலிருந்த கட்டின் மேல் வைத்து, இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.