பெட்டிச் சாவியும் பன்னிரண்டு மணியும்

1. இரண்டு நிமிடம்

எங்கள் அலுவலகத்தில் சப்ளையர்கள் விலை எழுதிக் கொடுக்கும் குவோட்டேஷன் எல்லாம் ஆன்லைனுக்கு மாறிய பிறகு வந்த முதல் குளோசிங் நாள். பகல் பன்னிரண்டுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது பெருமாள் அண்ணன் மழையில் நனைந்து கவுண்டருக்கு ஓடி வந்தார். பக்கத்து ஊரான திரிங்காப்பில் காய்கறித் தோட்டம் வைத்திருப்பவர். பள்ளி விடுதிகளுக்குக் காய்கறி சப்ளை செய்யும் காண்ட்ராக்ட் அது. அதை நம்பி மலைச்சரிவு முழுக்க முட்டைக்கோஸ் நட்டிருந்தார்.

"கிராணியம்மா, லைன் செத்துப்போச்சு. போன்ல வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு. நான் வெலையச் சொல்றேன், நீங்களே கீ-இன் பண்ணிடுங்க லா."

தானா ராத்தா என்ற மலையூரில் நான் கொள்முதல் கிளார்க். தேயிலைத் தோட்டத்தில் கிளார்க்கைக் கிராணி என்பார்கள். தோட்டத்து லைன் வீட்டில் பிறந்த எனக்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது.

"முடியாதுண்ணே. உங்க ஐடில நீங்கதான் போடணும்."

"ஒரு நம்பர்தானம்மா."

"அந்த ஒரு நம்பர்தான் எனக்குத் தெரியக்கூடாது."

பன்னிரண்டு ஆனது. சிஸ்டம் பூட்டிக்கொண்டது. அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. பார்த்திருந்தால் அழுதிருப்பேன்.

2. கார்பன் தாள்

கடைசி நிமிடம் வரை அவர் ஏன் காத்திருந்தார் என்பது எனக்குத் தெரியும். பழைய முறையில் விலையை உறையில் போட்டு, கவுண்டரில் இருந்த தகரப் பெட்டிக்குள் தள்ளுவார்கள். பெட்டிக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி மேலதிகாரியிடம், இன்னொன்று என்னிடம். விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் படித்துவிடுவார்களோ என்று சப்ளையர்கள் உறைக்குள் கார்பன் தாளைச் சுற்றி வைப்பார்கள். அதுவும் போதாமல், மூட ஐந்து நிமிடம் இருக்கும்போதுதான் போடுவார்கள். அதுவரை வெளியே நின்று, அடுத்தவன் எப்போது போடுகிறான் என்று நோட்டம் விடுவார்கள்.

ஒரு வருடம் பெருமாள் அண்ணனுக்குக் காண்ட்ராக்ட் கிடைக்கவில்லை. விலையில் மிகச் சின்ன வித்தியாசம். அதற்குப் பிறகு ரொம்ப நாள் அவர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவே இல்லை. கோயிலில் பார்த்தால்கூடத் திரும்பிக்கொள்வார். ஒரு சாவி என்னிடம் இருந்ததே அவர் சந்தேகத்துக்குப் போதும். என் பையில் அது அப்படிக் கனத்தது.

புது சிஸ்டத்துக்கு டிரெய்னிங் கொடுத்தபோது, "மூடுற வரைக்கும் உள்ள என்ன இருக்குன்னு எனக்கே தெரியாது, நேரத்தோட போட்டுடுங்க" என்று தொண்டை வற்றச் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருவரும் நம்பவில்லை.

3. கார் பார்க்கிங்

சேகர் சார் எங்கள் மேலதிகாரி. சிஸ்டத்தைத் திறந்து பார்த்தவர் என்னைக் கூப்பிட்டார்.

"என்னம்மா இது? ஒருத்தர்கூட போடலையே?"

திரையில் பூஜ்யம். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். கீழே பார்க்கிங்கில் நாலு லோரி, ரெண்டு காடி என்று வண்டிகள். எல்லாவற்றிலும் நம் சப்ளையர்கள்தான். ஒவ்வொருவரும் போனைக் கண்ணாடிப் பக்கம் தூக்கிப் பிடித்து லைன் தேடிக்கொண்டிருந்தார்கள். வழக்கம்போல ஒருவரையொருவர் நோட்டம் விட வந்து, மழையில் லைன் போனதும் ஒன்றாக மாட்டிக்கொண்டார்கள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

யாருமே போடவில்லை என்றால் மறுபடி விலை கேட்டு அழைக்க வேண்டும் என்பது விதி. இன்னும் ஒரு வாரம் அவகாசம். அறிவிப்பை சிஸ்டத்தில் ஏற்றி, போர்டிலும் ஒட்டினேன். பெருமாள் அண்ணன் அதை இரண்டு முறை படித்தார். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, "பொழச்சேன்" என்றார். எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

மறுநாள் காலையிலேயே அவர் தன் விலையைப் போட்டுவிட்டார். அடுத்த வாரம் திறந்தபோது காண்ட்ராக்ட் அவருக்கே கிடைத்தது. கையெழுத்துப் போட வந்தவர் பேனாவை வைத்துவிட்டுச் சொன்னார்.

"அன்னிக்கு நீங்க எனக்காக கீ-இன் பண்ணியிருந்தா, அந்தப் பழைய வருசமும் நீங்க வேற யாருக்கோ செஞ்சிருப்பீங்கன்னுதான் சாகுற வரைக்கும் நெனச்சிருப்பேன்."

புது வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று மட்டும் சொல்வேன். உங்கள் கையில் சாவி இல்லையே என்று குறைப்படாதீர்கள். அவர் கையெழுத்துப் போட்ட அன்று வீட்டுக்குப் போகும்போது, சாவி இல்லாத என் பை எவ்வளவு லேசாக இருந்தது என்று எனக்குத்தான் தெரியும்.