கூண்டக்காவும் பதினான்கு டிகிரியும்

பந்து பொறுக்குவதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்பவர்களுக்குக் கூண்டக்கா பதில் சொல்வதில்லை. தலைமுதல் கால்வரை ஒரு பார்வை பார்ப்பாள், கேட்டவர் தானாக வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். கோல்ஃப் மைதானத்தை ஒட்டிய பயிற்சித் திடலில் ஒரு நாளைக்கு ஐயாயிரம் பந்து பறக்கிறது. அடிப்பவர்கள் அடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். அத்தனையையும் திரும்பக் கொண்டுவந்து, கழுவி, காயவைத்து, கூடை கூடையாக நிரப்பி வைப்பது அவள்தான். பதினோரு வருடமாக.

அவளுடைய வண்டி சின்னது. நாலு பக்கமும் தலைக்கு மேலும் கம்பி வலை. முன்னால் வரிசையாகச் சுழலும் தட்டுகள் இருக்கும். அவற்றின் இடுக்கில் பந்துகள் சிக்கி மேலே வந்து தொட்டியில் விழும். அந்தக் கூண்டுக்குள் உட்கார்ந்து போவதால்தான் அவளுக்கு அந்தப் பெயர். வலை எதற்கென்றால், அவள் திடலுக்குள் நுழைந்ததும் எல்லோரும் அவளைக் குறிபார்த்துத்தான் அடிப்பார்கள். வக்கீலாக இருந்தாலும் பல் டாக்டராக இருந்தாலும், கூண்டு வண்டியைக் கண்டுவிட்டால் பத்து வயதுப் பிள்ளையாகிவிடுவார். வலையில் பட்டு டங்கென்று சத்தம் கேட்டால் அங்கே ஒரே கைதட்டல்.

அதற்கு முன் பதினாறு வருடம் ஒரு ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் இருந்தாள். எந்தக் கறை எந்த வார்டிலிருந்து வந்தது என்று துணியைப் பார்த்தே சொல்வாளாம். சலவைக்கூடத்தை மூடினார்கள். அவள் கணவர் அதே கோல்ஃப் மைதானத்தில் புல்வெட்டும் இயந்திரம் ஓட்டுபவர். திடலில் ஆள் தேவை என்று அவர்தான் சொன்னார். மேலாளர் “வண்டி ஓட்டத் தெரியுமாம்மா?” என்று கேட்டதும், “ஓ, நல்லா ஓட்டுவேனே” என்று கூசாமல் ஒரு பொய் சொல்லிவிட்டு வந்து, இரண்டே நாளில் கணவரிடம் கற்றுக்கொண்டாள். இடையில் ஒரு வேலி போயிற்று. அந்தக் கதையை இன்றும் அவர் சிரிக்காமல் சொல்ல முடியாது.

கணவருக்கு விளையாட்டுப் பைத்தியம். வேலையாட்களுக்கு வாரத்தில் ஒரு நாள் மைதானத்தில் ஆட அனுமதி உண்டு. அந்த ஒரு நாளுக்காகத்தான் மற்ற ஆறு நாளும் வாழ்ந்தார். மாலையில் தன் வேலை முடிந்ததும் திடலின் ஓரத்துக்கு வருவார். கூண்டக்கா வண்டியை நூற்று நாற்பது மீட்டர் என்று எழுதிய தூரப் பலகைக்கு அருகே கொண்டுபோய் நிறுத்துவாள். அவர் ஒரே ஒரு பந்து வைத்து அடிப்பார். டங். “என் வேலை முடிஞ்சுது, வா, வீட்டுக்குப் போகலாம்” என்று அர்த்தம். போனில் கூப்பிடலாமே என்று மகள் ஒருமுறை கேட்டாள். அப்பாவும் அம்மாவும் அவளை வேற்று ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

ஓய்வு பெற்ற அன்று உடன் வேலை செய்தவர்கள் எல்லோரும் சேர்ந்து அவருக்கு ஒரு டிரைவர் மட்டை பரிசளித்தார்கள். முதல் அடிக்கு எடுக்கும் அந்தப் பெரிய மட்டைதான். அதன் அடியில் ‘9’ என்று பளபளவென்று எழுதியிருந்தது. மட்டையின் முகம் எத்தனை டிகிரி பின்னால் சாய்ந்திருக்கிறது என்பதற்கான எண் அது. சாய்வு குறைந்தால் பந்து தாழ்வாக, வேகமாக, வெகுதூரம் போகும். பெரிய ஆட்டக்காரர்கள் எல்லாம் ஒன்பதுதான் என்று அங்கே எல்லோருக்கும் ஒரு நினைப்பு. அன்போடு கொடுத்தார்கள், அவரும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். வீட்டுக்கூடத்தில் கடிகாரத்துக்குக் கீழே ஆணியடித்து மாட்டினார். கூண்டக்காவே வாரம் ஒருமுறை அதைத் துடைத்து வைப்பாள். ஓய்வுக்குப் பிறகும் மாலையில் அதை எடுத்துக்கொண்டு திடலுக்கு வந்து அந்த ஒரு பந்தை அடிப்பார், வீட்டுக்கு வந்ததும் திரும்ப ஆணியில் மாட்டுவார்.

மறுவருடம் அவர் ஏணியிலிருந்து விழுந்து தோள்பட்டையில் அறுவை சிகிச்சை நடந்தது. கை சரியாயிற்று. வீச்சு மட்டும் பழைய வீச்சாகத் திரும்பவில்லை. பந்து புறப்பட்டுத் தாழ்வாகவே போய், பலகைக்கு வெகு முன்னாலேயே தலைகுப்புற விழுந்தது. தரை காய்ந்திருந்தால் கொஞ்சம் உருளும், அவ்வளவுதான்.

கூண்டக்கா என்ன செய்தாள் தெரியுமா? யாருக்கும் தெரியாமல் வண்டியைப் பதினைந்து மீட்டர் முன்னால் கொண்டுவந்து நிறுத்த ஆரம்பித்தாள். டங் கேட்டது. இரண்டு பேரும் வீட்டுக்குப் போனார்கள். கெட்டிக்காரி என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டாள்.

ஒரு மாலை டங் கேட்கவில்லை. அவர் அடிக்கவே இல்லை. வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார்.

“நீ முன்னாடி வந்து நிக்கிறது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?”

“யார் சொன்னா?”

“யாரும் சொல்லணுமா? இருபத்தாறு வருஷம் அந்தப் புல்ல வெட்டினவன் நான். எந்த இடத்துல எந்தப் பச்சைன்னு எனக்குத் தெரியாதா?”

அவள் குனிந்து அவருடைய செருப்பை ஓரமாக நகர்த்தி வைத்தாள்.

“எனக்காக நீ முன்னாடி வந்து நின்ன அன்னைக்கே என் ஆட்டம் முடிஞ்சுபோச்சு. அடுத்த மாசம் போட்டி வருதில்ல, அதுல ஏழாவது குழியில குளத்தைத் தாண்டுச்சுன்னா ஆடுறேன். விழுந்துச்சுன்னா பையோட எல்லாத்தையும் மட்டைப் பட்டறையில குடுத்துட்டு வந்துடறேன்.”

வருடாவருடம் உறுப்பினர்களுக்கும் வேலையாட்களுக்கும் நடக்கும் போட்டி அது; ஓய்வு பெற்றவர்களும் வேலையாட்கள் பக்கம் ஆடலாம். ஏழாவது குழிக்குக் குறுக்கே குளம். அக்கரையில் பந்து விழ, காற்றிலேயே நூற்று முப்பத்திரண்டு மீட்டர் போயாக வேண்டும். அவர் சொன்னால் சொன்னதுதான். சிகரெட்டை அப்படித்தான் ஒரே நாளில் விட்டார். தன் தம்பியோடு பேச்சையும் அப்படித்தான் விட்டார். விளையாட்டை விட்டுவிட்டால் இந்த மனிதர் காலையில் எதற்காக எழுந்திருப்பார் என்று கூண்டக்கா இரவெல்லாம் யோசித்தாள்.

மறுநாளிலிருந்து அவள் பந்துகளை வேறு கண்ணால் பார்த்தாள். செவ்வாய்க்கிழமை அதிகாலையில் மெதுவாக வீசுகிற ஒரு குழு வரும். எல்லோரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். பனி ஈரத்தில் பந்து உருளாது. விழுந்த இடத்தில் ஒரு சின்னப் பள்ளம் போட்டு அங்கேயே கிடக்கும். அவர்களில் முக்கால்வாசிப் பேர் தூரம் போகிற மட்டை என்று எடுத்து அடித்ததும், குறைந்த தூரத்துக்கு என்று எடுத்து அடித்ததும் ஒரே இடத்தில்தான் குவியல் குவியலாகக் கிடந்தன. ஒருத்தி மட்டும் விலக்கு. ஒல்லியான நர்சம்மா; பக்கத்தில் நிற்கும் தடித்த மனிதரில் பாதிதான் இருப்பாள். அவளுடைய பந்துகள் அவருடையதைத் தாண்டிக் கிடந்தன.

கூண்டக்கா வண்டியை நிறுத்திவிட்டு நேரே போய்க் கேட்டாள்.

“நர்சம்மா, உங்க மட்டையக் கொஞ்சம் திருப்பிக் காட்டுங்களேன்.”

அடியில் ‘14’ என்று இருந்தது. தடித்தவருடையதில் ‘9’.

அன்று மதியம் பந்து கழுவும் தொட்டிக்குக் குழாய் பிடித்துக்கொண்டு நின்றாள். தண்ணீரின் வேகம் திடீரென்று குறைந்தது. கை தானாகக் குழாயின் வாயைத் தூக்கியது. தண்ணீர் தொட்டியின் மறுமுனைக்குப் போய் விழுந்தது. அவள் அப்படியே நின்றுவிட்டாள். தொட்டி நிரம்பி வழிந்து செருப்பு நனைந்த பிறகுதான் குழாயை மூடினாள்.

வீட்டில் சொன்னதும் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“பதினாலா? அது முடியாதவங்க வச்சிருக்கிறது. அவ்வளவு சாய்ச்சா பந்து வானத்துக்குப் போகும், தூரம் எங்கேர்ந்து போகும்?”

“நீங்க எத்தனை வருஷம் செடிக்குத் தண்ணி பிடிச்சீங்க? வேகம் நல்லா இருந்தா குழாயத் தாழ்த்திப் பிடிப்பீங்க. குறைஞ்சா?”

அவர் சட்டையை மாட்டும் சாக்கில் திரும்பிக்கொண்டார்.

“சொல்லுங்க. குறைஞ்சா என்ன பண்ணுவீங்க?”

“தூக்கிப் பிடிப்பேன். அதுக்கு இதுவும் ஒண்ணாகிடுமா? தாழ்வாப் போற பந்து விழுந்த பிறகு உருளும்.”

“குளத்து மேல எந்தப் பந்துங்க உருளும்?”

ஆனாலும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை. சுவரில் மாட்டியிருந்த ஒன்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் சேர்ந்து கொடுத்தது, அதைப் போய் எப்படி வேண்டாமென்பது என்ற நினைப்பு முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. கூண்டக்கா விடுகிற ஆளா? ஒற்றைக் காலில் நின்றாள். மட்டை பழுதுபார்க்கும் பட்டறைக்காரரிடம், மூலையில் யாரோ போட்டுவிட்டுப் போன பழைய பதினான்கு டிகிரி மட்டை ஒன்று இருந்தது. அதற்குப் புதுப் பிடி போட வைத்து வாங்கி வந்தாள். மகள் விட்டுப்போன நகப்பூச்சில் பத்துப் பந்துக்குச் சிவப்புப் பொட்டு, பத்துக்குப் பச்சைப் பொட்டு வைத்தாள். சிவப்பு ஒன்பதுக்கு, பச்சை பதினான்குக்கு.

செவ்வாய் அதிகாலை, குழு வருவதற்கு முன்னாலேயே கணவரை இழுத்துக்கொண்டு போனாள். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் அவர் அடித்தார். பச்சைப் பொட்டுப் பந்துகள் மேலே மேலே போவதைப் பார்த்து, “பாத்தியா, கொக்குக்குத்தான் எட்டும்” என்றார்.

“அடிக்கிறவங்களுக்குப் பந்து போறதுதான் தெரியும். விழறது எனக்குத்தான் தெரியும். வாங்க.”

கூண்டில் ஒரு ஆளுக்குத்தான் இடம். அவள் வண்டியை எடுக்கவில்லை. இருவரும் ஈரப் புல்லில் நடந்தே போனார்கள். நூற்று இருபத்தைந்து மீட்டரை ஒட்டிச் சிவப்புகள். ஏழு ஒன்றாகக் கிடந்தன, மூன்று அதற்கும் முன்னால். அவர் குனிந்து ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே போட்டார். இன்னும் நடந்தார்கள். நூற்று முப்பத்தேழு, முப்பத்தெட்டில் பச்சைகள். எட்டு. மீதி இரண்டு சொதப்பல்; எங்கேயோ ஓரத்தில் கிடந்தன. அதையும் கூண்டக்கா மறைக்காமல் கூட்டிப்போய்க் காட்டினாள்.

அவர் அந்த எட்டுப் பள்ளங்களையும் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார். பிறகு ஒவ்வொன்றையும் காலால் மிதித்து மூடினார். புல்லுக்காரர் புத்தி.

“இன்னும் ரெண்டு கூடை எடுத்துட்டு வா” என்றார்.

போட்டியன்று கூண்டக்காவுக்கு வேலை இல்லை. காலையிலேயே போய் ஏழாவது குழியின் குளக்கரையில் நின்றுகொண்டாள். அவர் வரிசை வந்தது. திடலில் ஆட்டம் சொல்லிக்கொடுக்கும் பயிற்சியாளர் அக்கறையாகத்தான் சொன்னார்.

“குளத்தைச் சுத்திப் போயிடுங்கண்ணே. ஒரு அடி கூடுதலா ஆனா ஆகட்டும். தோளைக் கஷ்டப்படுத்தாதீங்க.”

“பாக்கலாம் தம்பி” என்றார் அவர்.

அவசரப்படாமல், பலத்தைக் காட்டாமல், தன்னால் முடிந்த வீச்சைத்தான் வீசினார். பந்து எழும்பியது. “ஐயோ, ரொம்ப உசரம்” என்று உறுப்பினர் ஒருவர் உச்சுக்கொட்டினார். கூடியிருந்தவர்கள் எல்லோரும் மேலே பார்த்தார்கள். கூண்டக்கா மட்டும் மேலே பார்க்கவில்லை. அக்கரையைப் பார்த்தாள். பதினோரு வருடமாக அவள் பார்ப்பது பந்து விழுகிற இடத்தைத்தான்.

தண்ணீரிலிருந்து நாலு எட்டு தள்ளி, புல்லில் தொப்பென்று விழுந்தது.

அவளுக்குக் கை தட்டத் தோன்றவில்லை. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. நான் சொன்னேன், நான் சொன்னேன் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அவ்வளவு பெருமை அவளுக்குத் தன்மேல் அதற்கு முன் வந்ததே இல்லை. பெண் படித்து வேலைக்குப் போனபோதுகூட அது பெண்ணைப் பற்றிய பெருமையாகத்தான் இருந்தது.

பயிற்சியாளர் மட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். “பதினாலா! யாருண்ணே உங்களுக்கு இதை எடுத்துக் குடுத்தது?”

அவர் குளக்கரையைக் காட்டினார். குரலைத் தாழ்த்தவே இல்லை.

“என் வீட்டுக்காரி. உங்க எல்லாரோட பந்தையும் பொறுக்குறாளே, அவதான். யாரோடது எங்க விழுதுன்னு அவளுக்குத்தான் தெரியும். போய்க் கேளுங்க.”

அன்றைய போட்டியில் வேலையாட்கள் தோற்றுப்போனார்கள். அதை இப்போது யாரும் பேசுவதில்லை.

பேசுவதெல்லாம் வேறு. தடித்த மனிதர் மறு செவ்வாயே கூண்டு வண்டிக்கு முன்னால் வந்து வழிமறித்து, “அக்கா, என்னோடது எங்க விழுது, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன்” என்று கேட்டார். இப்போது நகப்பூச்சுப் பொட்டு வைத்த ஒரு கூடை எப்போதும் தயாராக இருக்கிறது. ஆளைப் பார்த்து, வீச்சைப் பார்த்து, விழுந்த இடத்தைப் பார்த்து அவள் சொல்கிறாள். வேகமாக வீசுகிற இளந்தாரிகளிடம், “உனக்குப் பதினாலு வேணாம் தம்பி, காத்துல தொங்கும், ஒன்பதே போதும்” என்றும் சொல்கிறாள். பயிற்சியாளரே இரண்டு பேரை அனுப்பி வைத்தார். பரிசாக வந்த ஒன்பது, கடிகாரத்துக்குக் கீழே சுவரிலேயே இருக்கிறது. வாரம் ஒருமுறை துடைப்பதும் நிற்கவில்லை.

போட்டி முடிந்த மறுநாள் மாலை, கடைசி வரிசைப் பந்துகளை வாரிக்கொண்டு வந்த கூண்டக்கா வண்டியை நூற்று நாற்பது பலகைக்குப் பக்கத்தில் நிறுத்தி எஞ்சினை அணைத்தாள். திடலின் ஓரத்தில் அவர் சின்னதாகத் தெரிந்தார். முதல் பந்து வலப்பக்கம் விலகிப் போயிற்று. இரண்டாவது வண்டிக்குக் கொஞ்சம் முன்னால் விழுந்து நின்றது. அவள் ஸ்டியரிங்கில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். ஒரு அடிகூட முன்னால் நகர்த்தவில்லை.

மூன்றாவது பந்து, டங்.