மேலே ஃபாரன்ஹீட், கீழே செல்சியஸ்

நான் குடியிருக்கும் பேஸ்மென்டில் வெப்பத்தை அளக்க முடியும், மாற்ற முடியாது. அளப்பதற்கு மருந்துக்கடையில் வாங்கிய, முள் வைத்த சின்னத் தெர்மாமீட்டர் ஒன்று மேசையில் இருக்கிறது. அது செல்சியஸில் காட்டும். மாற்றுவதற்கான தெர்மோஸ்டாட் மேல் வீட்டு நடைச்சுவரில் இருந்தது. தங்க நிறம், உள்ளங்கை அகலம், வட்ட வடிவம், எண்கள் ஃபாரன்ஹீட்டில். வீடு கட்டிய காலத்தில் பொருத்தியதாம். மாண்ட்ரியலின் பழைய வீடுகள் சிலவற்றில் ஒரே பாய்லர்தான் மேலுக்கும் கீழுக்கும் வெந்நீர் அனுப்புகிறது. எங்கள் வீட்டுப் பாய்லர் என் படுக்கையறையை ஒட்டிய சிறு அறையில் இருக்கிறது. மேலே யாராவது வட்டத்தைத் திருப்பினால் இங்கே ‘தும்’ என்று ஒரு சத்தம் வரும். பிறகு குழாய்கள் சடசடக்கும்.

மேலே வீட்டுக்கார அம்மா தனியாக இருக்கிறார். யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர், அறுபதைத் தாண்டியவர். தையல் தொழிற்சாலையில் நெடுங்காலம் வேலை பார்த்து இந்த வீட்டை வாங்கியிருக்கிறார். கணவர் நான் வருவதற்கு முன்பே காலமாகிவிட்டார். ஒரே மகன் அமெரிக்காவில், பாஸ்டன் பக்கம். குடிவந்த அன்று நான் அவரை ‘ஆன்ட்டி’ என்று அழைத்தேன்.

“ஆன்ட்டியோ? அக்கா எண்டு சொல்லும். அது காணும்.” அவர் ஊர்ப் பேச்சில் ‘காணும்’ என்றால் போதும்.

நான் சென்னையில் ஒரு நாளிதழின் செய்தி மேசையில் இருந்தவன். அமெரிக்காவிலிருந்து வரும் ஏஜென்சி செய்திகளில் புயல் மைல் கணக்கில் நகரும், பனி அங்குலக் கணக்கில் பெய்யும், திருடன் ஆறடி இரண்டங்குலம் இருப்பான். அவற்றைக் கிலோமீட்டருக்கும் சென்டிமீட்டருக்கும் மாற்றித் தருவது என் வேலைகளில் ஒன்று. உயரத்தை மட்டும் மாற்ற மாட்டோம்; எங்கள் வாசகருக்கும் ஆள் என்றால் அடிக்கணக்குதான். வெயிலுக்கு எதிர்த் திசையில் போவோம். வானிலை மையம் முப்பத்தெட்டு செல்சியஸ் என்று அனுப்பினால் அதை நூறு ஃபாரன்ஹீட் ஆக்குவோம். வெயில் சதமடித்தது என்று தலைப்புப் போட அது வேண்டியிருந்தது.

இங்கே வந்த பிறகும் அதே வேலைதான், சம்பளம் மட்டும் வேறு. புவாண்ட்-கிளேரில் உள்ள ஓர் அலுவலகத்துக்காக உணவுப் பொருட்களின் லேபிள்களைச் சரிபார்க்கிறேன். ஒரே ஊறுகாய் அமெரிக்க எல்லைக்கு இந்தப் பக்கம் மில்லிலிட்டரில் விற்கும், அந்தப் பக்கம் அவுன்ஸில். இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் வீட்டிலிருந்தே வேலை. காலையில் திரையைத் திறந்தால் மாலை வரை வாயைத் திறக்க வேண்டியதில்லை. ஒருநாள் மூலையில் உள்ள டெப்பனர் என்ற சிறுகடையில் பால் வாங்கிக் கடைக்காரருக்குப் பிரெஞ்சில் ‘பொன்ஷூர்’ என்று வணக்கம் சொன்னபோது குரல் வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி சொன்னேன். அன்றைக்கு நான் பேசிய முதல் சொல் அது. அப்போது மாலையாகிவிட்டிருந்தது.

குளிர்காலத்தில் எனக்குப் பேச்சுத்துணை என்று இருந்தது மேல் வீடுதான். பேச்சின் பொருள் டிகிரி.

உள்படிக்கட்டின் கதவை அவர் தன் பக்கம் பூட்டி வைத்திருப்பார். வெளியே சுற்றிக்கொண்டு போக பூட்ஸும் ஜாக்கெட்டும் மாட்ட வேண்டும். அதனால் தொலைபேசி.

“அக்கா, கீழ ரொம்பக் குளிருது.”

“உம்மட ‘ரொம்ப’ எத்தனை டிகிரி?”

“பதினேழு.”

“எனக்கு விளங்கிற மாதிரிச் சொல்லும்.”

“அறுபத்திமூணு.”

“அறுவத்திமூண்டோ? அது குளிரே இல்லை. இங்க எனக்கு வேர்க்குது.”

“எழுபது வைங்கக்கா.”

“எழுவதோ! நான் மேல இருந்து அவிஞ்சு போயிடுவன். அறுவத்தெட்டுத் தாறன், இருந்து பாரும்.”

மீன் கடையில் பேரம் பேசுவது போலத்தான் இருக்கும். ஃபாரன்ஹீட்டின் ஒரு டிகிரி சிறியது. அவர் ஒன்று கூட்டித் தந்தால் எனக்குக் கிடைப்பது அரை டிகிரிக்குச் சற்று அதிகம். அவர் தாராளமாகக் கொடுத்ததாக நினைப்பார், நான் பாதிதான் வாங்கியதாக நினைப்பேன். மறுநாள் மறுபடி பேசுவோம்.

அவரிடம் இன்னொன்றைக் கவனித்தேன். வீட்டுக்குள் ஃபாரன்ஹீட் தவிர வேறெதுவும் அவருக்குப் புரியாது. வெளிக்குளிரையோ வானொலி சொல்லும் செல்சியஸில்தான் சொல்வார். “வெளியில மைனஸ் பதினெட்டாம், உள்ளுக்கு அறுவத்தெட்டு” என்பார் ஒரே மூச்சில். முதலில் இதைத் திருத்த வேண்டிய வாக்கியமாகவே கேட்டேன். பிறகு பார்த்தால் ஊரே அப்படித்தான் இருந்தது. கடைத் துண்டுப்பிரசுரத்தில் கோழியின் விலை ராத்தலுக்கு, அதாவது பவுண்டுக்கு, பெரிய எழுத்தில், கிலோவுக்குப் பொடி எழுத்தில். சாலை கிலோமீட்டரில், ஆளின் உயரம் அடியில், கேக் வேகும் ஓவன் ஃபாரன்ஹீட்டில். மனிதர்கள் வாசற்கதவைத் திறக்கும்போது அளவையும் மாற்றிக்கொண்டு வெளியே போகிறார்கள்.

டிகிரி முடிவானதும் பேச்சு வேறெங்காவது போகும். தேவாலயப் பூசையில் யார் இருமினார்கள், அன்று என்ன கறி, சால்மன் என்ன விலை, பாஸ்டனில் பேரப்பிள்ளை இங்கிலிஷ் மட்டும்தான் கதைக்கிறது. நான் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு லேபிள் பார்ப்பேன். சில நாட்கள் அறை சூடாகியும் பேச்சு முடியாது. ஒரு ஜனவரியில் திடீரென்று பனி உருகி, ஹீட்டர் தேவைப்படாத சில நாட்கள் வந்தன. அப்போது கூப்பிடக் காரணம் இல்லாமல் தெர்மாமீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சென்ற கிறிஸ்துமஸுக்கு மகன் காரில் வந்தார். நடைச்சுவரில் இருந்த வட்டத்தைப் பார்த்ததும் சிரித்தாராம். மறுநாள் புதிதாக ஒன்றை வாங்கி வந்து பழையதற்குப் பக்கத்தில் மாட்டினார். பிறகு கீழே வந்து என் அறைச் சுவரிலும் வெள்ளையாக ஒரு சிறு உணரியை ஒட்டினார்.

“அண்ணை, இது உங்கட ரூம் டெம்பரேச்சரைப் பார்த்துத் தானா ஹீட்டைக் கூட்டும். நான் அங்கயிருந்து போன்ல கொன்ட்ரோல் பண்ணுவன். எழுவது ஓகேயா?”

“எழுபதா?” என்றேன்.

“காணாதோ? ஃபாரன்ஹீட்லதான் வைக்கிறன். எனக்கு அங்க இருந்து இருந்து மற்றது மறந்து போச்சு.”

“போதும். ரொம்ப நன்றி.”

“இனி நீங்கள் அம்மாவுக்கு ஃபோன் எடுத்துக் கெஞ்சத் தேவையில்லை.”

அவர் நல்ல மனிதர். போகும்போது கைகொடுத்தார்.

அன்றிலிருந்து என் தெர்மாமீட்டர் இருபத்தொன்றில் நின்றது. இத்தனை குளிர்காலங்களாக நான் கேட்டு வந்த வெப்பம் அதுதான். உள்ளே ஸ்வெட்டர் போடுவதை விட்டேன். காலில் கனத்த சாக்ஸ் வேண்டியிருக்கவில்லை. வெளியே மைனஸ் இருபதுக்குக் கீழே இறங்கிய நாளிலும் முள் அசையவில்லை. செய்தி மேசையில் மாறாத எண்ணை வைத்து ஒரு வரிகூட எழுத முடியாது. பாய்லர் ‘தும்’ என்று கிளம்பும்போது அது பாஸ்டனிலிருந்து வந்த உத்தரவு. தலைக்கு மேலே அவருடைய காலடிகள் அடுப்படிக்குப் போவதும் திரும்புவதும் கேட்டன. டிவி கேட்டது. என்ன கறி என்பது மட்டும் தெரியவில்லை.

ஒருநாள் மறுசுழற்சிப் பெட்டியை வீதிக்கு இழுத்துப் போகும்போது அவரும் தன் பெட்டியோடு நின்றார். தொப்பிக்கும் ஸ்கார்ஃபுக்கும் நடுவில் கண்கள் மட்டும் தெரிந்தன.

“சூடு காணுமோ தம்பி?”

“போதும்க்கா. நல்லா இருக்கு.”

“எனக்குத்தான் அவியுது. புதுசைத் தொடக் கூடாதெண்டு பூட்டி வைச்சிட்டான். அங்கயிருந்து பாத்துக்கொள்ளுறானாம்.”

“பழசைக் கழட்டிட்டாரா?”

“இல்லை. கழட்டினா சுவரில வட்டம் தெரியும் எண்டு அப்பிடியே விட்டிட்டான். வயரை மட்டும் வெட்டினவன். அது சும்மா கிடக்கு.”

வெளியே மைனஸ் இருபத்திரண்டு என்று அவர் சொன்னார். ஆமாம் என்று நானும் சொன்னேன். அந்தக் குளிரில் யாரும் அதற்கு மேல் நிற்க மாட்டார்கள். அவர் மேல் வாசலுக்கும் நான் கீழ் வாசலுக்கும் போனோம்.

பிப்ரவரியில் ஒரு மாலை. ஐந்தரைக்கே இருட்டிவிட்டிருந்தது. வெள்ளிக்கிழமை மதியம் வேலையை முடித்தவன் யாரிடமும் பேசாமல் ஞாயிறு வரை வந்திருந்தேன். மேலேயும் டிவி சத்தம் இல்லை, காலடி மட்டும் அங்குமிங்கும். தெர்மாமீட்டரைப் பார்த்தேன். இருபத்தொன்று. போனை எடுத்தேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.

“அக்கா, கீழ கொஞ்சம் குளிருது.”

மேலே நடந்துகொண்டிருந்த காலடி நின்றது.

“எத்தனை காட்டுது?”

“பதினெட்டு.”

“எனக்கு விளங்கிற மாதிரிச் சொல்லும்.”

“அறுபத்திநாலு.”

“ஐயோ. எழுவது எண்டெல்லோ சொன்னவன். நில்லும், பாக்கிறன்.”

காலடிகள் என் தலைக்கு மேலே நடையை நோக்கிப் போயின. சுவர் இருக்கும் இடத்தில் நின்றன. நான் பாய்லர் அறைப் பக்கம் காது கொடுத்தேன். அங்கே சத்தம் எதுவும் வரவில்லை. காலடிகள் திரும்பின.

“ஏத்திப்போட்டன். எழுவத்தொண்டு.”

புதியதைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். பழையதற்கு வயர் இல்லை. எதைத் திருப்பினார் என்று நான் கேட்கவில்லை.

“எழுபத்தொண்ணா? உங்களுக்கு மேல அவியாதா?”

“ஒரு நாளைக்கு அவிஞ்சா என்ன? ஃபோனை வைக்காதையும், உடன சூடேறாது. இண்டைக்குப் பூசையில சுவாமி பிரசங்கத்தை முடிக்கிறாரே இல்லை. எனக்கு முன்னால இருந்தவர் நித்திரை. நீர் என்ன சாப்பிட்டனீர்?”

“இன்னும் இல்லை.”

“நான் சொதி வைச்சனான். ஒரு ஆளுக்கு வைக்கத் தெரியேல்லை, பாருமன். சட்டி நிறையக் கிடக்கு.”

சொதியிலிருந்து சால்மனுக்குப் போனார். சால்மன் ராத்தலுக்கு இவ்வளவு என்று போட்டிருந்ததை நம்பி வாங்கி, தராசில் கிலோக் கணக்கு வந்ததும் கடைப்பெடியனோடு சண்டை பிடித்த கதையைச் சொன்னார். நான் முன்பே கேட்ட கதை. இந்த முறை பெடியன் கூடுதலாகத் திட்டு வாங்கினான். நான் சிரித்தேன். அறையில் என் சிரிப்பு எனக்கே அந்நியமாகக் கேட்டது.

“இப்ப எப்பிடி?” என்றார் கடைசியில்.

முள் இருந்த இடத்திலேயே இருந்தது.

“ஏறிடுச்சுக்கா. இருபத்தொண்ணு.”

“பாத்தீரே. பழைய சாமான் பழைய சாமான்தான்” என்றார். பிறகு அவசரமாக, “நாளைக்கும் ஒருக்காப் பாத்துச் சொல்லும். வெளியில இன்னும் இறங்குமாம்.”

“சொல்றேன்.”

போனை வைத்த பிறகு காலடிகள் அடுப்படிக்குப் போயின. தட்டு வைக்கும் சத்தம் ஒன்று வந்தது. நாற்காலி ஒன்று இழுபட்டது. நானும் எழுந்து அடுப்பில் அரிசியை வைத்தேன். குழாய்கள் சத்தமில்லாமல், போதுமான சூட்டோடு இருந்தன.