சிம்பாங்கில் தொங்கிய என் முகம்

இத்தனை வருடம் ஆகியும் அந்தப் பேனரை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. பத்தடி நீளம். நாலு மூலையிலும் ரோஜாப்பூ, ஓரத்தில் இரண்டு அன்னப்பறவை, நடுவில் பட்டுப்புடவையும் இரவல் நகையுமாக ஒரு பதின்மூன்று வயதுப் பெண்ணின் முகம். அது என் முகம். மலேசியாவில், புக்கிட் செலம்பாவ் பக்கத்தில் எங்கள் ரப்பர்த் தோட்டத்து மண்ரோடு பெரிய சாலையில் ஏறும் முச்சந்தியில், எங்கள் பேச்சில் சிம்பாங்கில், பள்ளி பஸ் நிற்கிற இடத்துக்கு நேர் எதிரே, இரண்டு கம்பங்களுக்கு நடுவே அதைக் கட்டியிருந்தார்கள்.

கட்டியவர் என் தாய்மாமன். அம்மாவுக்கு ஒரே அண்ணன், சுங்கை பட்டாணியில் டயர் கடை வைத்திருக்கிறார். கெட்டவர் என்று சொல்ல முடியாது, அதுதான் எரிச்சலே. கெட்டவராக இருந்தால் மனசாரத் திட்டிவிட்டுப் போயிருப்பேன். வயதுக்கு வந்த பிள்ளைக்குத் தாய்மாமன் சீர் செய்வது வழக்கம், செய்யட்டும். ஆனால் எங்கள் பக்கத்தில் அது தட்டு வரிசையோடு நிற்பதில்லை. மண்டபம் வேண்டும், கேட்டரிங் வேண்டும், வீடியோக்காரர் வேண்டும். பக்கத்து ஊர் திகாம் பத்துவில் யாரோ தங்கை மகளுக்கு எட்டடி பேனர் வைத்தாராம். அதனால் மாமா எனக்குப் பத்தடி வைத்தார்.

தமிழில் மட்டும் எழுதியிருந்தாலாவது பாதி மானம் மிஞ்சியிருக்கும். மாமாவுக்கு விழாவுக்குச் சட்டமன்ற உறுப்பினரைக் கூப்பிட ஆசை, கடைக்கு வரும் மலாய்க்கார வாடிக்கையாளர்களையும் கூப்பிட ஆசை. அவர்களுக்குப் புரிய வேண்டுமே! அதனால் 'பூப்புனித நீராட்டு விழா' என்பதற்குக் கீழே, அதைவிடப் பெரிய எழுத்தில், 'மஜ்லிஸ் அகில் பாலிக்' என்று மலாயிலும் அடித்துவிட்டார். பருவமடைந்த விழா. மலாய் படிக்கத் தெரிந்த யாருக்கும் இனி சந்தேகமே வராது.

இதில் இன்னொரு கூத்து. நான் வீட்டில் உட்கார வைக்கப்பட்டிருந்த ஒன்பது நாளுக்கு அப்பா பள்ளிக்கு லெட்டர் கொடுத்திருந்தார். காய்ச்சல் என்று எழுதியிருந்தார். பொம்பளைப் பிள்ளை விஷயம், வெளியே தெரியக் கூடாதாம்! லெட்டரில் ஒளித்து வைத்ததை ரோட்டில் பத்தடிக்கு எழுதி மாட்டியிருக்கிறோம் என்று எங்கள் வீட்டில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

விழா சனிக்கிழமை. அதற்கு முந்தின ஞாயிறு மாலைதான் பேனரைப் பார்த்தேன். மறுநாள் நான் பள்ளிக்குத் திரும்ப வேண்டும்.

"அப்பா, அத கழட்டுங்கப்பா. நாளைக்கு பஸ்ஸு அங்கதான் நிக்கும்."

அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "மாமா ஆசையா செஞ்சது. கழட்டினா மனுசன் மூஞ்சிய எங்க கொண்டு போயி வச்சிக்குவாரு?"

"அப்ப என் மூஞ்சி?"

"மொளச்சி மூணு எல விடல, பேச்சப் பாரு," என்றாள் அம்மா அடுப்படியிலிருந்து.

பெரிய மனுஷியாகிவிட்டேன் என்று ஊரைக் கூட்டி விருந்து போடுவார்களாம். நான் வாயைத் திறந்தால் மட்டும் மூணு இலை விடவில்லையாம். எனக்கு அன்றைக்கு இதை எடுத்துச் சொல்லத் தெரியவில்லை. கதவை ஓங்கிச் சாத்தினேன், அதற்கும் திட்டு விழுந்தது.

திங்கட்கிழமை பஸ்ஸில் ஏறியபோது என் பக்கத்தில் உட்காரும் மலாய்த் தோழி ஜன்னல் வழியாகப் பேனரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி பேனரைப் பார்த்தாள். காய்ச்சல் என்றார்களே என்று மெதுவாகக் கேட்டாள். நல்ல பெண், கிண்டலாகக் கேட்கவில்லை. பின்சீட்டுத் தமிழ்ப் பையன்களுக்கு அந்த நல்ல மனசெல்லாம் கிடையாது. "டேய், பெரிய மனுசி ஏறிட்டாங்க லா, எடம் விடுங்க!" என்று ஒருத்தன் கத்தினான். பஸ் முழுக்கச் சிரிப்பு. அன்று முழுக்க அவனை எதைக் கொண்டு அடிக்கலாம் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

வகுப்பாசிரியையும் அந்த வழியாகத்தான் கார் ஓட்டி வருவாராம். என்னை எழுப்பி நிறுத்தி "தாஹ்னியா" என்று வாழ்த்துச் சொல்லி, எல்லாரையும் கைதட்டச் சொன்னார். நாற்பது பேர் தட்டினார்கள், பாதிப் பேர் ஆண் பிள்ளைகள். எதற்குத் தட்டினார்கள்? நான் என்ன ஓட்டப் பந்தயத்திலா ஜெயித்தேன்?

இதைவிட மோசம் ஓய்வு நேரம். என் கூட்டத்துத் தமிழ்ப் பெண்களிடமாவது அழலாம் என்று போனேன். அதில் ஒருத்தி உதட்டைப் பிதுக்கினாள். "ஒனக்குப் பத்தடியா? எங்க மாமா ஆறடிதான் லா வச்சாரு. நீ எதுக்கு மூஞ்சத் தூக்கி வச்சிருக்க? ஓவர் லா நீ." மற்றவர்கள் தலையாட்டினார்கள். பஸ்ஸில் சிரிப்பு, கூட்டத்தில் பொறாமை. எனக்காக ஒரு ஜீவன்கூட அந்தப் பள்ளிக்கூடத்தில் இல்லை.

மதியம் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் நேராகச் சாலையைக் கடந்தேன். வரைகலைப் பாடத்துக்குக் கொண்டு போன கத்தரிக்கோலை எடுத்து, சாக்கடைக் கட்டையில் ஏறி, பிளாஸ்டிக் கட்டுகளை ஒவ்வொன்றாக வெட்டினேன். எதிரே பீசாங் கோரெங், அதாவது வாழைப்பழ பஜ்ஜி, பொரித்துக்கொண்டிருந்த அக்கா, "ஐயையோ, வேணாம்மா! ஒங்க மாமா கோவிச்சிக்குவாரு!" என்று கத்தினார். அவருக்கும் மாமாதான் கவலை. என் முகத்தை நானே சுருட்டி, மண்ரோட்டில் இழுத்துக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தேன்.

அம்மா என் முதுகில் இரண்டு வைத்தாள். என் தங்கைக்கு அப்போது பத்து வயது. கையில் மைலோ டம்ளரோடு வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் மாமா வந்தார். கத்துவார் என்று நினைத்தேன், பதில் சொல்லத் தயாராக இருந்தேன். அவர் சிரித்தார்! "புள்ளைக்கு வெக்கம் வந்துருச்சு," என்று என் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, பேனரை எடுத்துக்கொண்டு போய்ப் பழையபடி கட்டிவிட்டார், இந்தத் தடவை கம்பி போட்டு. என் கோபத்துக்கு வெட்கம் என்று பெயர் வைத்துவிட்டுப் போன அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை. சனிக்கிழமை வரை தினம் இரண்டு வேளை அந்தப் பேனரைத் தாண்டித்தான் போய் வந்தேன். விழாவில் வீடியோக்காரர் சிரிக்கச் சொன்னபோதெல்லாம் சிரித்தேன். சட்டமன்ற உறுப்பினர் வரவே இல்லை.

இரண்டு வருடம் போனது. தங்கை ஆரம்பப் பள்ளியில் ஆறாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் பள்ளி விட்டு வந்தவள் என்னைக் குளியலறைக்குள் இழுத்துக் கதவைத் தாழிட்டாள். "அக்கா, எனக்கும் வந்துருச்சு. அம்மாகிட்ட சொல்லாத. சொன்னா மாமா என்னையும் தொங்க விட்டுருவாரு." அம்மாவிடம் ஓடிப் போய்ச் சொல்ல வேண்டிய விஷயத்தை, அம்மாவிடமிருந்து மறைக்கச் சொல்லி ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளை கெஞ்சுகிறது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தேன்.

எட்டு மாதம் மறைத்தோம். என் பேட் பாக்கெட்டில் பாதி அவளுக்கு. வயிறு வலித்துச் சுருண்டு படுத்தால், கேண்டீனில் தின்ற மீ நூடுல்ஸ் ஒத்துக்கொள்ளவில்லை என்பாள். அம்மா ஓமத்தண்ணீர் கொடுப்பாள், அவளும் மடக் மடக்கென்று குடிப்பாள். கடைசியில் துணி துவைக்கும்போது அவளுடைய நீலப் பள்ளிப் பினாஃபோரில் கறையைப் பார்த்து அம்மா கண்டுபிடித்தாள்.

முதல் அறை எனக்குத்தான். பிறகு எத்தனை மாதமாக என்று கேட்டாள். சொன்னேன். அப்படியே துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

"எட்டு மாசமா? அடிப்பாவிங்களா! எங்க அண்ணன் கேட்டா நான் என்னாடி பதில் சொல்லுவேன்?"

அப்போதும் அண்ணன்! நான் கத்த வாயெடுத்தேன். அதற்குள் தங்கை, குரலைக்கூட உயர்த்தாமல், "வலிச்சது எனக்குத்தாம்மா. மாமாவுக்கு எதுக்குப் பதிலு?" என்றாள்.

அம்மா அவளையே பார்த்தாள். எழுந்து போய் உளுந்தை வறுத்து, நல்லெண்ணெய் விட்டுக் களி கிண்டி, எட்டு மாதம் கழித்து அவளுக்கு ஊட்டிவிட்டாள். அழுதுகொண்டே ஊட்டினாள்.

அடுத்த தீபாவளிக்கு மாமா சாப்பிட வந்தார். சோற்றைப் பிசைந்துகொண்டே, "சின்னவளுக்கு இன்னும் இல்லியா? டாக்டர்கிட்ட காட்டிப் பாரு லா. நான் மண்டபத்துக்குச் சொல்லி வைக்கணும்ல," என்றார். எதிரே தங்கை தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"இன்னும் இல்லண்ணே," என்றாள் அம்மா, அண்ணனிடம் அதுவரை ஒரு பொய்கூடச் சொல்லாதவள்.